வலையும் கண்ணும்: டாலிகஞ்ச் நீர்வழி காட்டும் சொற்பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் 'நெட்வொர்க்' என்னும் சொல் இன்று தொலைபேசி, கணினி, போக்குவரத்து, வணிகம், மனித உறவு ஆகிய பலவற்றையும் குறித்து வழங்குகின்றது. தமிழில் இதனை வலைப்பின்னல், வலையமைப்பு, பிணையம் எனப் பலவாறு பெயர்த்துள்ளனர். இச்சொல்லின் பொருள் விரிந்தபோது அதன் கூறு ஒன்று மறைந்தது. அம்மறைவு எதனைக் குறிக்கும் என்பதற்குக் கொல்கத்தாவின் தென்பகுதியாகிய டாலிகஞ்ச் தக்க சான்றாகும்.

சொல்லின் பொருள் வளர்ச்சி

பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் நூலாலோ கம்பியாலோ வலைபோல் அமைந்த வேலைப்பாட்டையே குறித்தது. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், சம தொலைவுகளில் குறுக்கிட்டுச் செல்வதும் அக்குறுக்கீடுகளுக்கு நடுவே இடைவெளி உடையதும் என இதற்குப் பொருள் வரைந்தார். கடுநடையில் அமைந்ததென அவ்விளக்கம் எள்ளப்பட்டதுண்டு. எனினும், இடைவெளியும் வலையின் உறுப்பே என்பதை அது விடாது சுட்டியமை கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறு, கால்வாய், இருப்புப்பாதை ஆகியவற்றின் தொகுதிகளுக்கு இச்சொல் வழங்கலாயிற்று. அப்போது முடிச்சும் இழையும் முதன்மை பெற்றன. இடைவெளி பொருளிலிருந்து நழுவியது.

தமிழ் வழக்கு

தமிழ் மீனவர் வலையின் இடைவெளியைக் 'கண்' என்பர். கண்ணின் அளவே எம்மீன் அகப்படும், எம்மீன் தப்பும் என்பதை வரையறுக்கின்றது. மதகின் திறப்பும், பாலத் தூண்களின் இடைவெளியும் தமிழில் கண்களே. நீர் செல்லும் வழிக்கும் வலையின் வெற்றிடத்திற்கும் ஒரே பெயர் அமைந்துள்ளது. வங்காளியில் வலை 'ஜால்' எனப்படும். மீனவரைக் குறிக்கும் 'ஜேலே' என்பது அதன்வழி வந்தது. வடமொழியில் இந்திரனின் வலையைக் குறிக்கும் 'இந்திரஜாலம்' தமிழில் மாயவித்தையின் பெயராயிற்று. வலை பொருள் விரியும்போது பிடித்தல், இணைத்தல், மயக்குதல் என வெவ்வேறு திசைகளில் விரிகின்றது என்பது இதனால் விளங்கும்.

டாலிகஞ்சின் இரு வலைகள்

டாலிகஞ்ச் முன்னர் ரசாபக்லா எனப்பட்டது. 1770களில் வில்லியம் டாலி என்னும் படை அலுவலர், தூர்ந்துகிடந்த ஆதிகங்கையின் ஒரு பகுதியைத் தூர்வாரி, ஹூக்ளி ஆற்றைக் கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்தார். சுங்கம் தண்டவும் சந்தை அமைக்கவும் அவர் உரிமை பெற்றார். 'கஞ்ச்' என்பது சந்தையைக் குறிக்கும். ஆள்பெயரும் சந்தையும் சேர்ந்து ஊர்ப்பெயராயின. அந்நீர்வழி கல்கத்தாவைச் சுந்தரவனத்தோடும் கிழக்கு வங்காளத்தோடும் பிணைத்த படகுவழிகளுள் ஒன்றாயிற்று.

இரண்டாவது வலை இரும்பாலானது. 1984 அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேட், பவானிப்பூர் ஆகியவற்றுக்கிடையே தொடங்கிய மெட்ரோ இரயில், 1986 ஏப்ரல் 29ஆம் நாள் டாலிகஞ்சை எட்டியது. அங்கிருந்து கரியா நோக்கி உயர்த்தப்பட்ட தடம் 2009 ஆகஸ்டு 22ஆம் நாள் திறக்கப்பட்டது. வண்டலாலும் நகரக் கழிவுநீராலும் முன்னரே நலிந்திருந்த டாலி கால்வாயின் படுகையிலேயே அத்தடத்தின் தூண்கள் ஊன்றப்பட்டன. சூழலியலாளர் எதிர்த்து நீதிமன்றத்தை நாடியும் பணி நிற்கவில்லை. தென்கொல்கத்தா மக்களுக்கு அத்தடம் பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வலையின் இழை மற்றொரு வலையின் கண்ணை அடைத்தது என்பதும் மறுக்கவொண்ணாதது.

முடிவுரை

நிலையங்களையும் தடங்களையும் மட்டும் எண்ணினால் டாலிகஞ்சின் வலை வளர்ந்துள்ளது. நீரோட்டத்தையும் சேர்த்து எண்ணினால் தேய்ந்துள்ளது. 'நெட்வொர்க்' என்பதன் இன்றைய வழக்கு முதற்கணக்கையே தருகின்றது. ஜான்சன் வரைந்த விளக்கமும் தமிழ் மீனவரின் 'கண்' என்னும் சொல்லும் இரண்டாவதையும் தருகின்றன. கலைச்சொல் ஆக்குவோர் வலைப்பின்னல் என்பதற்கு விளக்கம் எழுதும்போது இழை, முடிச்சு ஆகியவற்றோடு கண்ணையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். கண்ணில்லாதது வலையன்று, அது வெறும் துணியே.