பாதுகாப்புக் கட்டளையை மீறினால் என்ன நடக்கும்?

"அக்கா, இந்தக் கடதாசியில என்ன எழுதியிருக்கு?"

ஹந்தானைப் பக்கம் லயமொன்றில் வசிக்கும் பெண் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. 1983 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பத்தில் பிறந்தவர், போர் முடிந்ததும் உறவினரைத் தேடிக் கண்டிக்கு வந்தார். அவர் கையிலிருந்தது கணவருக்கு எதிராக நீதவான் வழங்கிய பாதுகாப்புக் கட்டளை. அது சிங்களத்தில் இருந்தது.

முதல்நாள் இரவு கணவர் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பொலிஸுக்குப் போனபோது, "அடிக்கவில்லைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கடதாசியை வாசித்தேன். வீட்டுக்குள் நுழையவோ அவருடன் தொடர்புகொள்ளவோ கூடாது என்று தெளிவாக இருந்தது. கதவைத் தட்டியதே மீறல்தான். மீண்டும் அடிபடும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, இடைக்காலக் கட்டளையையோ பாதுகாப்புக் கட்டளையையோ மீறுவது தனியான குற்றம். நீதவான் முன் சுருக்க விசாரணையில் நிரூபிக்கப்பட்டால் 10,000 ரூபா வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மிரட்டியிருந்தாலோ அடித்திருந்தாலோ அதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வேறாக வழக்குத் தொடரலாம்.

மாவட்ட நீதிமன்றத்தின் தடையுத்தரவு வேறு வகை. உதாரணமாக, விவாகரத்து அல்லது சொத்து வழக்கில் பெற்ற அத்தகைய உத்தரவை மீறினால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 663 ஆம் பிரிவின்படி நீதிமன்ற அவமதிப்பாகத் தண்டிக்கலாம். ஆகவே உங்கள் கையிலிருப்பது எந்த நீதிமன்றத்தின் கட்டளை என்பதை முதலில் பாருங்கள்.

மீறல் நடந்தால் திகதி, நேரம், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். கட்டளையின் பிரதியுடன் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் தட்டிக்கழித்தால் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் இட்டு நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938.

கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனாலும் தமிழில் விண்ணப்பிக்கவும், வழக்கில் பங்கேற்கவும், அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

"அவரை உள்ளே போட்டால் பிள்ளைகளுக்குச் சோறு?" என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான பயம். அவசரப் பண உதவி வழங்குமாறு எதிராளிக்குக் கட்டளையிடவும் நீதவானுக்கு இதே சட்டத்தில் அதிகாரமுண்டு. அதையும் சேர்த்துக் கேட்கலாம் என்றேன்.

பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதமே செல்லும். அது முடியுமுன் நீடிக்க விண்ணப்பிக்க வேண்டும். அவரது கட்டளைக்கு இன்னும் மூன்று கிழமையே இருந்தது. முடிவுத் திகதியைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதை நாட்காட்டியில் ஒட்டிவிட்டு, மறுநாள் என்னோடு மீண்டும் பொலிஸுக்கு வந்தார். இம்முறை முறைப்பாட்டு இலக்கத்துடன்தான் திரும்பினோம்.