இழுக்கும் வண்டி: அமெரிக்கப் பழைய பிக்கப் சந்தையின் நூறாண்டு

அமெரிக்காவில் படகையும் குதிரையையும் முகாம் வீட்டையும் சொந்த வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வழக்கம், மோட்டார் வாகனம் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. இதற்கான பிக்கப் டிரக்கையோ எஸ்யூவியையோ பலரும் பழைய வண்டியாகத்தான் வாங்குகிறார்கள். வாங்குபவருக்கு இரண்டு விவரங்கள் தெரிந்தாக வேண்டும். அந்த வண்டியால் எவ்வளவு எடையை இழுக்க முடியும் என்பது ஒன்று. அது இதுவரை எவ்வளவு இழுத்து உழைத்திருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் பதில் சொல்ல ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. இரண்டாவது கேள்விக்குச் சட்டங்களும் பதிவேடுகளும் பாதிப் பதிலைத்தான் தருகின்றன. மீதியை வண்டியின் அடிப்பகுதியில் தேட வேண்டியிருக்கிறது.

கொல்லுப் பட்டறையில் தொடக்கம்

1914-இல் டெட்ராயிட்டைச் சேர்ந்த மர வியாபாரி ஃப்ரெடரிக் சிப்லி, தம் படகை ஏரிக்கரைக் கோடை வீட்டுக்குக் கொண்டுபோக வழி தேடினார். டெட்ராயிட்டிலேயே கொல்லுப் பட்டறை வைத்து வண்டி கட்டிக்கொண்டிருந்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபிடம் அந்த வேலை வந்தது. ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் பூட்டி இழுக்கும்படி இரண்டு சக்கர வண்டி ஒன்றை அவர் செய்து கொடுத்தார். அதன் பயன் பிடித்துப்போன சிப்லி, மரக்கட்டை ஏற்றவும் அதேபோல் வண்டிகள் கேட்டார். 1918-இல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனி முறைப்படி உருவானது.

மாடல் டி காரின் எஞ்சின் 20 குதிரைத்திறன் கொண்டது. எவ்வளவு இழுக்கலாம் என்று அன்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஏற்றத்தில் வண்டி ஏறினால் இழுக்கும், நின்றுவிட்டால் இழுக்காது. பாரம் ஏற்றுவதற்கென்றே ஃபோர்டு 1917-இல் மாடல் டிடி என்ற ஒரு டன் சேஸிஸைக் கொண்டுவந்தது. 1925-இல் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பொருத்திய மாடல் டி பிக்கப் 281 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை விவசாயிகளும் கடைக்காரர்களும் காரின் பின்பக்கத்தை அறுத்து, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உல்லாசப் பயணிகளும் இதே காலத்தில் டிரெய்லருக்கு வந்தார்கள். 1919-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரிலுள்ள டி சோட்டோ பூங்காவில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் தொடங்கியது. ரேடியேட்டர் மூடியின் மேல் பற்றவைத்த தகர டப்பாவே உறுப்பினரின் அடையாளம். பின்னர் டெட்ராயிட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் தொடங்கிய ‘கவர்டு வேகன்’ நிறுவனம் முகாம் வீடுகளை ஏராளமாகத் தயாரித்து விற்றது. 1936-இல் வாலி பையாமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் அலுமினிய உடல் கொண்ட ‘கிளிப்பர்’ வீட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு செவ்ரோலே, அரை டன் டிரக்கின் சேஸிஸ் மேல் முழு எஃகு உடல் அமைத்து எட்டுப் பேர் உட்காரும் ‘சபர்பன்’ வண்டியைக் கொண்டுவந்திருந்தது. டிரக்கின் இரும்புச் சட்டமும் காரின் இருக்கைகளும் ஒன்றுசேர்ந்த இந்த வகையே பிற்கால எஸ்யூவிகளுக்கு முன்னோடி.

நெடுஞ்சாலைக் காலம்

1948-இல் ஃபோர்டு தன் எஃப் வரிசையை எஃப்-1 முதல் எஃப்-8 வரை அறிமுகப்படுத்தியது. 1953-இல் அவற்றில் சிறியவை எஃப்-100, எஃப்-250, எஃப்-350 என்று பெயர் மாறின. பேச்சு வழக்கில் இவை அரை டன், முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் எனப்பட்டன. தொடக்கத்தில் அந்தப் பெயர் தொட்டியில் ஏற்றக்கூடிய பாரத்தைக் குறித்தது. வண்டிகளின் வலு கூடிய பிறகும் பெயர் மாறவில்லை. அதனால் இன்றைய அரை டன் வண்டி அரை டன்னுக்கு மேலேயே சுமக்கிறது. பழைய வண்டி வாங்குபவர் இந்தப் பெயரை வகைப் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, உண்மையான எண்ணைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்ப்பதே முறை.

1956-இல் மாநிலங்களை இணைக்கும் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டதும் முகாம் வீட்டுப் பயணம் பெருகியது. அன்றைய பெரிய கார்களுக்கும் தனி இரும்புச் சட்டமும் வி8 எஞ்சினும் இருந்ததால், சாதாரணக் குடும்பக் காரே டிரெய்லரை இழுத்தது. சிக்கல் பூட்டும் இடத்தில்தான் எழுந்தது. டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதன் முன்முனை இழுக்கும் வண்டியின் மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். ஆனால் அந்த அழுத்தம் காரின் பின்பக்கத்தைத் தாழ்த்தி முன்சக்கரங்களைத் தூக்கிவிடும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிமானம் இழக்கும். பம்பரில் கவ்விய கொக்கிக்கு இதைத் தாங்கும் சக்தி இல்லை. சட்டத்திலேயே போல்ட் போட்டு முடுக்கிய கொக்கியும், வில்தண்டுகளால் அழுத்தத்தை முன் ஆக்ஸிலுக்கும் பகிர்ந்து தரும் அமைப்பும் இந்தக் காலத்தில் பரவின.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1953-இல் ‘டிராவலால்’ வண்டியையும், ஜீப் 1963 மாடலில் ‘வேகனியர்’ வண்டியையும் வெளியிட்டன. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கனமாகவும் இழுக்கும் வண்டிக்கென்று ஒரு தனிச் சந்தை உருவானது.

காரிலிருந்து டிரக்குக்கு

1973-இன் எண்ணெய் நெருக்கடி இந்த வழக்கத்தின் போக்கையே மாற்றியது. 1975-இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம், 1978 மாடல் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 18 மைல் ஓட வேண்டும் என்றது. 1985-க்குள் அது 27.5 மைலாக உயர வேண்டும். கார்கள் சிறுத்தன. அவற்றின் தனி இரும்புச் சட்டம் மறைந்தது. முன்சக்கர இயக்கம் பரவியது. கனத்த டிரெய்லரை இழுக்கும் வலு காரிடமிருந்து போனது. இலகு டிரக்குகளுக்குத் தனியான, தளர்வான வரம்பு விதிக்கப்பட்டதால் அவை பெரிதாகவே நீடித்தன. டிரெய்லர் வைத்திருந்தவர்கள் பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் மாறியதற்கு விருப்பத்தைவிட இந்தச் சட்டமே பெரிய காரணம். 1975-இல் வந்த ஃபோர்டு எஃப்-150-க்கும் ஒரு விதிமுறையே பிறப்பிடம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் அன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும்படி அது வடிவமைக்கப்பட்டது.

டீசல் எஞ்சின்கள் பழைய வண்டிச் சந்தையில் ‘நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு’ என்ற பாகுபாட்டைக் கொண்டுவந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடலில் தந்த 5.7 லிட்டர் டீசலில் ஹெட் போல்ட்டுகள் அழுத்தம் தாங்கவில்லை. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லை. டீசல் காரின் பெயரையே அது கெடுத்தது. 1989 மாடல் டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் நிலைமையைத் திருப்பியது. ஆறு சிலிண்டர்கள், டர்போ, நேரடி எரிபொருள் தெளிப்பு, 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை என்று வந்த அந்த எஞ்சின், வண்டியின் தகரம் துருப்பிடித்துப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறை டாட்ஜில் முதலில் களைத்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

‘நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு’ பாகுபாட்டுக்கு ஃபோர்டின் சூப்பர் டியூட்டி வரிசையில் 2003 மாடல் நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஒரே மாடல் ஆண்டில் பெயர்பெற்ற 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலும், அதற்குப் பதிலாக வந்த 6.0 லிட்டர் எஞ்சினும் விற்கப்பட்டன. பின்னதில் ஹெட் கேஸ்கெட்டும், வெளியேறும் புகையைக் குளிர்விக்கும் பாகமும் பரவலாகப் பழுதாகி, 2007-இல் ஃபோர்டும் எஞ்சின் தயாரித்த நேவிஸ்டாரும் நீதிமன்றம் வரை போயின. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் நிற்கும் இரண்டு 2003 வண்டிகளைப் பழகியவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள்.

ஒரே அளவுகோல்

இழுவைத் திறன் விளம்பரத்தின் முதல் வரியாக மாறியதும், ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையில் சோதித்துத் தன் எண்ணை அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் 10,000 பவுண்டை மற்றொன்றின் 10,000 பவுண்டோடு ஒப்பிட வழியில்லை. இதைத் தீர்க்க அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்டது.

இச்சோதனையின் கடினமான பகுதி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றம். பாலைவனத்தில் 11.4 மைல் (சுமார் 18 கி.மீ.) நீளும் அந்தச் சாலையில், வெளி வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாதபோது, ஏ.சி.யை முழுவதும் ஓடவிட்டு, முழு எடை டிரெய்லரோடு ஏற வேண்டும். பின் ஆக்ஸிலில் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியின் வேகம் மணிக்கு 40 மைலுக்கும், இரட்டைச் சக்கரம் உள்ளதன் வேகம் 35 மைலுக்கும் கீழே போகக்கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து மீண்டும் மீண்டும் கிளம்பவும் வேண்டும்.

டொயோட்டா 2011 மாடல்களிலேயே இதை ஏற்றது. அதன் விளைவாகச் சில டன்ட்ரா வகைகளின் எண் முன்பைவிடக் குறைந்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் ஆகியவற்றின் பிக்கப்புகள் 2015 மாடல் வாக்கில் இந்த முறைக்கு வந்தன. ஆகவே பழைய வண்டியின் இழுவை எண்ணைப் படிக்கும்போது அதன் மாடல் ஆண்டும் அந்த எண்ணின் ஒரு பகுதியாகிறது.

அந்த எண்ணை எட்டும் முன்பே, வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய சுமை வரம்பு பெரும்பாலும் குறுக்கே வரும். 7,000 பவுண்டு டிரெய்லரின் முன்முனை 12 சதவீதம் அழுத்தினால் 840 பவுண்டு வண்டியின் மேல் விழும். தலைக்கு 150 பவுண்டு வீதம் நான்கு பேர் ஏறினால் மேலும் 600. கதவுச் சீட்டில் 1,500 பவுண்டு என்றிருக்கும் வண்டிக்கு மிஞ்சுவது 60 பவுண்டுதான். அந்த வண்டியின் விளம்பரம் 9,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லியிருந்தாலும் கணக்கு இதுவே.

ஏட்டில் உள்ளதும் இல்லாததும்

விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்த நிலையில் நல்ல வண்டிகள் சந்தையிலிருந்து ஒதுங்கிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். இந்த இடைவெளியைக் குறைக்க அமெரிக்க அரசு பல சட்டங்களைக் கொண்டுவந்தது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருப்புவதை 1972-இன் சட்டம் குற்றமாக்கியது. விற்கும்போது தூரத்தை உரிமைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்றது 1986-இன் சட்டம். பழைய டிரக்குகளில் பலவற்றின் மீட்டர் ஐந்து இலக்கம் கொண்டது. 99,999 மைலுக்குப் பின் பூச்சியத்துக்குத் திரும்பும். 40,000 என்று காட்டும் வண்டி 1,40,000 மைல் ஓடியிருக்கலாம். பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இந்த எழுத்துக் கடமை இல்லாதிருந்தது. 2011 மாடல் முதல் அது இருபது ஆண்டாக நீட்டப்பட்டது.

1985-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விற்பனையாளர் ஒவ்வொரு பழைய வண்டியின் கண்ணாடியிலும் உத்தரவாதம் உண்டா, இருக்கும் நிலையிலேயே விற்பனையா என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஆனால் மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கே அந்த விதி பொருந்தும். கனமாக இழுப்பதற்கென்றே வாங்கப்படும் முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. 1992-இன் சட்டத்தால் உருவான தேசிய உரிமைப் பதிவேடு 2009 முதல் பொதுமக்களுக்கும் திறந்தது; வெள்ளத்தில் மூழ்கியதும் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்டதும் அதில் தெரியவரும். எத்தனை கோடை காலம் அந்த வண்டி மலைமேல் டிரெய்லர் இழுத்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

அடிப்பகுதியில் தெரியும் தடயங்கள்

அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் அதனால்தான் வண்டியின் கீழே படுத்துப் பார்க்கிறார்கள். கொக்கிக் குழாயின் உட்சுவர் தேய்ந்து பளபளத்தால் வண்டி நிறைய இழுத்திருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருந்தால் இழுக்கவில்லை. டேஷ்போர்டின் கீழ்விளிம்பில் திருகுத் துளைகள் இருந்தால், டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி அங்கே இருந்து கழற்றப்பட்டிருக்கிறது. பிக்கப் தொட்டியின் தரையில் அடைக்கப்பட்ட துளைகள், அங்கே கனத்த டிரெய்லருக்கான பீடம் பொருத்தியிருந்ததைக் காட்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால், ஏற்றத்தில் சூடேறி உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. டிரெய்லர் இழுத்தது குறையல்ல. இழுத்த வண்டிக்குக் கூடுதல் குளிர்விப்பான் இருந்ததா, கியர்பாக்ஸ் எண்ணெயும் பின் ஆக்ஸில் எண்ணெயும் காலத்தில் மாற்றப்பட்டனவா என்பதே முக்கியம்.

பனி நீக்கச் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஏறும் துருவும் கவனிக்க வேண்டியது. டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளில் சில ஆண்டு மாடல்களின் சட்டம் துருவரித்த வழக்கில், டொயோட்டா 2016-இல் 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சட்டம் அரித்த வண்டி இழுவைக்கு உதவாது. கொக்கி பூட்டியிருப்பது அந்தச் சட்டத்தில்தான்.

இன்று சில தேவைகளுக்குப் பழைய வண்டியே வழி. ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் 2005-உடனும், பொதுமக்களுக்கான முக்கால் டன் சபர்பன் 2013-உடனும் நின்றுபோயின. பெரிய குடும்பத்தோடு கனத்த டிரெய்லரையும் இழுக்க வேண்டியவர்கள் அவற்றையே தேடுவதால், நன்றாகப் பராமரித்த வண்டிகளுக்கு வயதை மீறிய விலை கிடைக்கிறது. இந்த இரண்டு மாடல்களின் இழுவை எண்ணும், அந்த நிறுவனங்கள் பொது அளவுகோலுக்கு வருவதற்கு முந்தையது. ஆகவே இவற்றை வாங்குபவர் கதவுச் சீட்டின் சுமை வரம்பிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். உரிமைப் பதிவேட்டைச் சரிபார்க்கிறார். கடைசியாக வண்டியை மேலே தூக்கிச் சட்டத்தையும் கியர்பாக்ஸையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறார்.