கால்பந்துக்குப் பிறந்த பம்பு

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் சைக்கிள் டயரில் முள் ஏறினால் பஞ்சர் கடையைத் தேடிப் பயனில்லை. ஓட்டையை நாமே ஒட்டிவிடலாம், அது பெரிய வித்தையில்லை. ஒட்டிய பிறகு காற்றுக்கு எங்கே போவது? கையோடு கொண்டுபோகும் பம்பின் அருமை அங்கேதான் தெரியும். ஆனால் அந்தப் பம்பு முதலில் சைக்கிளுக்காகப் பிறக்கவில்லை.

இங்கிலாந்தின் ரக்பி ஊரில் ரிச்சர்ட் லிண்டன் என்ற செருப்புத் தொழிலாளி பள்ளிப் பையன்களுக்குப் பந்து தைத்துக் கொடுத்துவந்தார். பந்துக்குள்ளே இருந்தது பன்றியின் மூத்திரப்பை. அதை வாயால்தான் ஊத வேண்டும். ஊதியவர் அவர் மனைவி. நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதி ஊதியே நுரையீரல் கெட்டு அவர் இறந்துபோனார் என்று சொல்வார்கள். 1862 வாக்கில் லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். ரப்பரை வாயால் ஊதுவது பெரும்பாடு. காது கழுவும் பீச்சாங்குழலைப் பார்த்து, அதையே பெரிதாக்கிப் பித்தளையில் ஒரு கைப்பம்பு செய்துகொண்டார்.

கால் நூற்றாண்டு கழித்து, பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காக மரத்தட்டைச் சுற்றி ரப்பர் குழாய் பொருத்தினார். அதற்குள் காற்று ஏற்றியது கால்பந்துப் பம்பால்தான். 1888-ல் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் 1845-லேயே இதே யோசனைக்குப் பதிவு வாங்கியிருந்தது தெரிந்து அது பிறகு செல்லாமல் போனது. பம்பு இல்லாதிருந்தால் டன்லப்பின் குழாய் வெறும் குழாயாகவே கிடந்திருக்கும் என்பது என் கட்சி.

பழைய பம்பைப் பிரித்துப் பாருங்கள். தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் ஒன்று இருக்கும். தள்ளும்போது காற்றின் அழுத்தத்தில் விளிம்பு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது சுருங்கி, வெளிக்காற்றை ஓரமாக உள்ளே விடும். ரகசியம் அவ்வளவுதான். தோல் காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு குத்தினாலும் டயர் ஏறாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்போது வருவதில் தோலுக்குப் பதில் ரப்பர் வளையம்.

குழாயின் குறுக்களவையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் சைக்கிள் டயருக்கு 50 பிஎஸ்ஐ காற்று என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 30 மில்லிமீட்டர் உள்ள குழாயில் கடைசிக் குத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ பலம் வேண்டும். 20 மில்லிமீட்டர் குழாயில் 11 கிலோ போதும். கடையிலிருக்கும் கால்பம்பு தடிமனாக இருக்கலாம், உடம்பின் பாரத்தையே போட்டு அழுத்துகிறோம். பையில் வைப்பது ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும். அதிக முறை அடிக்க வேண்டும், ஆனால் கை நோகாது.

இப்போது 16 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு குப்பிகளும் வந்துவிட்டன. ஒரு குப்பி ஒரு டயரைச் சில நொடிகளில் ஏற்றிவிடும், அத்தோடு தீர்ந்தது. அந்த வாயு ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால் வீடு திரும்பியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். பந்தயக்காரருக்கு நொடி முக்கியம், அவருக்கு அது சரி. பேட்டரி பம்பு சுகமானது, சார்ஜ் இருக்கும்வரை.

தொப்பூர் கணவாயோ வத்தல்மலையோ, எங்கே கிளம்பினாலும் என் ஓட்டு கைப்பம்புக்கே. வாங்கும்போது அதன் வாய் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே காற்றடித்துப் பாருங்கள். பழைய வகை வால்வாக இருந்தால், வெயிலில் இற்றுப்போகும் அந்தச் சின்ன வால்வு டியூபிலும் ஒன்றிரண்டு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.