முப்பது வயதில் முகப்பரு: மருந்து கிடைத்த கதை

மதுரையிலிருந்து மேலக்கால் சாலையில் மேற்கே போனால், வைகையின் தென்கரையை ஒட்டி வருவது கோச்சடை. முத்தையா சாமி கோயிலால் பெயர் தெரிந்த ஊர். இங்கே முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குத் தாடையில் பரு வந்துவிட்டால், மருந்துக்கு முன்னால் யோசனைகள்தான் வந்து சேரும். "சந்தனத்தை உரைச்சுப் போடும்மா." "சங்கை உரைச்சு வச்சுப் பாரு." "உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளி." கல்யாணம் ஆகாதவளாக இருந்தால், "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்." ஆனவளாக இருந்தால், "ஒரு பிள்ளையப் பெத்தா சரியாப் போயிரும்." இரண்டு பிள்ளைகள் பெற்றபிறகும் பரு வருகிறவளுக்குச் சொல்ல மட்டும் யாரிடமும் பதில் இருக்காது.

கோச்சடை என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதே கதைதான். கடைசியில் யாரோ ஒருவர் ஒரு ட்யூபின் பெயரைச் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டால் சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிடும். சில மாதம் கழித்து முன்பைவிட மோசமாகிவிடும்.

சரியான மருந்து இருக்கும்போது இந்த ட்யூப் ஏன் முந்திக்கொள்கிறது? அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பெயரில் ஒட்டிக்கொண்ட வயசு

சுசுருத சம்ஹிதையில் முகப்பருவைப் பற்றிய குறிப்பு உண்டு. இலவ மரத்து முள்ளைப் போல இளவயதினரின் முகத்தில் எழும் கட்டிகள் என்று அது வர்ணிக்கிறது. அந்த வர்ணனையிலேயே இளமை வந்துவிடுகிறது. கிரேக்கத்திலும் இதே கதை. ஆங்கிலத்தில் பருவைக் குறிக்கும் 'ஆக்னி' என்ற சொல், உச்சம் என்ற பொருள் தரும் 'ஆக்மே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்றும், ஏடு பெயர்த்து எழுதியவர்களின் பிழையால் உருமாறியது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வாழ்வின் உச்சம், அதாவது வாலிபம்.

ரோமாபுரியில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பருவுக்கு வைத்தியம் பார்ப்பதே கிட்டத்தட்ட வீண்வேலை, ஆனால் பெண்கள் தங்கள் அழகைப் பற்றிய கவலையை விடமாட்டார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். பரு ஒரு நோயே அல்ல, பெண்களின் வீண்கவலை என்ற எண்ணம் எவ்வளவு பழையது பாருங்கள்!

தமிழ்ச் சொல் இந்த விஷயத்தில் குற்றமற்றது. பரு என்றால் பருத்திருப்பது, அவ்வளவுதான். அதில் வயது எதுவும் இல்லை. 'வயசுப் பரு' என்று வயதைக் கொண்டுபோய் ஒட்டியது பேச்சு வழக்குதான். அந்த ஒட்டு இருக்கும்வரை, முப்பது வயதில் பரு வருகிற பெண் ஒரு விதிவிலக்காகவே பார்க்கப்பட்டாள். விதிவிலக்குக்கு யாரும் மருந்து தேடுவதில்லை.

1935, 1941: இரண்டு துப்புகள்

முதல் துப்பு 1935-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கிடைத்தது. இர்விங் ஸ்டீன், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதவிலக்கு தவறுதல், குழந்தையின்மை, சிலருக்கு முகத்தில் முடி வளர்தல், எல்லோருக்கும் வீங்கிய சினைப்பைகள். இன்று ஊரெல்லாம் பி.சி.ஓ.டி. என்றும் நீர்க்கட்டி என்றும் சொல்லப்படும் பிரச்சினையின் நவீன வரலாறு இந்த ஏழு பேரிடமிருந்துதான் தொடங்குகிறது. (நீர்க்கட்டி என்ற பெயர் கொஞ்சம் பயமுறுத்தும். உண்மையில் அவை முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள்.)

இரண்டாவது துப்பு 1941-இல். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவம் எய்துவதற்கு முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்குப் பரு வருவதே இல்லை என்பதைக் கவனித்தார். அப்படிப்பட்டவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோது சிலருக்குப் பரு வந்தது. ஆக, பருவுக்கு அழுக்கோ, உடம்புச் சூடோ, கெட்ட எண்ணமோ முதல் காரணம் இல்லை. ஹார்மோன்தான் காரணம்.

ஆண் ஹார்மோனுக்கும் பெண்ணின் தாடைப் பருவுக்கும் என்ன சம்பந்தம்? பெண்ணின் உடம்பிலும் ஆண் ஹார்மோன் உண்டு. சினைப்பைகளும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். அது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிறது. எண்ணெய் கூடுகிறது, மயிர்க்கால் துளை அடைபடுகிறது, உள்ளே கிருமி பெருகுகிறது, வீங்கிச் சிவக்கிறது. மாதவிலக்குக்குச் சில நாள் முன்பாகத் தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் பரு எழுவது இந்த வகையின் வழக்கமான அடையாளம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். இருக்கிற அளவுக்கே எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகத் துள்ளுவதுதான் பிரச்சினை. "டெஸ்ட் எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ!

வேறு எதற்கோ போட்ட வலையில் சிக்கிய மருந்துகள்

காரணம் 1941-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் அடுத்த வருடமே மருந்து தேட ஆரம்பித்திருக்க வேண்டும் இல்லையா? அப்படி நடக்கவில்லை. பெண்களின் ஹார்மோன் பருவுக்கு இன்று உள்ள முக்கியமான மாத்திரைகள் வேறு வேலைக்காகத் தேடப்பட்டவை.

முதலாவது கருத்தடை மாத்திரை. அமெரிக்காவில் 1960-இல் கருத்தடைக்கென அனுமதி கிடைத்தது. அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன், இரத்தத்தில் சும்மா அலையும் ஆண் ஹார்மோனைக் கட்டிப்போடும் ஒரு புரதத்தை அதிகமாக்குகிறது. அதனால் மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்குப் பருவும் குறைந்தது. ஆனாலும் அப்படி ஒரு மாத்திரைக்கு 'பருவுக்கும் கொடுக்கலாம்' என்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1990-களின் பிற்பாதியில்தான்.

இரண்டாவது சைப்ரோடெரோன். ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்தில் கருப்பையைப் பாதுகாக்கும் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த ஆண் குட்டிகளின் உறுப்புகள் பெண் குட்டிகளுடையதைப் போல இருந்தன. ஆண் ஹார்மோனையே தடுக்கும் பொருள் அது என்று அப்போதுதான் புரிந்தது. பின்னால் அது ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து 'டயான்' என்ற பெயரில் பருவுக்கான மாத்திரையாக வந்தது. இந்த மாத்திரைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், சில மரணங்களுக்குப் பிறகு பிரான்ஸ் 2013-இல் இதன் விற்பனையை நிறுத்திவைத்தது. ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, கட்டுப்பாடுகளோடு கொடுக்கலாம் என்று சொன்னபிறகே திரும்ப வந்தது. தோழி சாப்பிட்டாள் என்று கடையில் வாங்கிச் சாப்பிடக்கூடாத மருந்து இது.

மூன்றாவதுதான் மிக விசித்திரம். ஸ்பைரோனோலாக்டோன், அமெரிக்காவின் சியர்ல் நிறுவனம் 1950-களின் கடைசியில் கொண்டுவந்த நீர் மாத்திரை. உடம்பில் நீர் கோத்துக்கொள்வதற்கும் இரத்தக் கொதிப்புக்கும் கொடுப்பது. இதைச் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு பெருத்தது. பக்கவிளைவு என்று எல்லோரும் முகம் சுளித்த அந்த விஷயத்துக்குள்தான் மருந்து ஒளிந்திருந்தது. மாத்திரை ஆண் ஹார்மோனைத் தடுக்கிறது என்பதே அதன் பொருள். ஒரு பெண்ணுக்கு இதே மாத்திரையால் முகத்து முடி குறைந்ததாக 1978-இல் மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. 1980-களில் பருவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது.

ஆனால் பழைய, மலிவான மருந்துக்குப் பெரிய ஆய்வு செய்யப் பணம் போட யாரும் முன்வருவதில்லை. சிறு சிறு ஆய்வுகளை வைத்துக்கொண்டே டாக்டர்கள் பல வருடங்கள் எழுதிக்கொடுத்தார்கள்.

ட்யூப் வந்த வழி

சரியான மருந்து இப்படி ஆமை வேகத்தில் வந்துகொண்டிருக்க, இன்னொரு மருந்து முயலாக ஓடிவந்தது. ஸ்டீராய்டு பூச்சு தோல் நோய்க்குப் பலன் தருகிறது என்று 1952-இல் அமெரிக்காவில் காட்டப்பட்டது. எக்ஸிமா போன்ற நோய்களில் அது உண்மையிலேயே ஒரு வரம். 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என மூன்றையும் கலந்து ஒரு க்ரீமைச் சொன்னார். முகத்தில் விழும் மங்குக்கு, டாக்டரின் மேற்பார்வையில், குறிப்பிட்ட காலம் மட்டும் போடுவதற்கானது அது.

அந்தக் கலவையின் தம்பிகள் இந்தியாவுக்கு வந்தபோது 'மேற்பார்வை', 'குறிப்பிட்ட காலம்' என்ற இரண்டும் வழியில் காணாமல் போயின. சிவப்பழகு க்ரீமாகவும், மங்குக்கும் பருவுக்கும் ஒரே ட்யூபாகவும் கடைகளில் விற்பனையாயின. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும், நிறத்தையும் வெளுப்பாகக் காட்டும். அதனால் மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முடி வளரும், புதிதாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். உடனே பயந்து மறுபடி ட்யூபைத் தேடவேண்டியதுதான்.

இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் 104 பேர் பருவுக்காகவே பூசியவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த யோசனையைச் சொன்னது டாக்டரே அல்ல. அதிகமாகக் காணப்பட்ட பாதிப்பு எது தெரியுமா? பரு வருவதும், இருந்த பரு மோசமாவதும்தான்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகவே ஒரு குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம், 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டரின் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. 'மூணு நாள்ல சரியாகணும்' என்ற அவசரத்துக்குத்தான் இன்னும் சட்டம் வரவில்லை.

2023: ஆறு மாதக் கணக்கு

ஸ்பைரோனோலாக்டோனுக்கான பெரிய ஆய்வு ஒருவழியாக 2023-இல் வெளிவந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம், பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 12-ஆவது வாரத்தில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 72 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 68 சதவீதம். அதாவது மூன்று மாதம் முடிந்தும் பெரிய வித்தியாசம் இல்லை! 24-ஆவது வாரத்தில் அதுவே 82-க்கு 63 என்று ஆனது.

முழு வரலாறும் இந்த எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. கெடுதல் செய்யும் ட்யூப் முதலில் பலனைக் காட்டிவிட்டுப் பிறகு வதைக்கிறது. நல்ல மருந்தோ மூன்று மாதம் வரை ஒன்றுமே செய்யாததுபோல இருந்துவிட்டுப் பிறகுதான் பலனைக் காட்டுகிறது. இடையில் மருந்தை நிறுத்திவிட்டு ட்யூபுக்குத் தாவுகிறவர்கள், ஜெயிக்கப்போகிற நேரத்தில் ஆட்டத்தைவிட்டு வெளியேறுகிறார்கள்.

இந்த மாத்திரைக்கும் எச்சரிக்கை உண்டு. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களும் சாப்பிடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அதனால் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆண் ஹார்மோனைத் தோலிலேயே தடுக்கும் கிளாஸ்கோடெரோன் என்ற பூச்சுக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆரம்பத்திலிருந்தே பருவுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு ஹார்மோன் தடுப்பு மருந்து வர, ஹாமில்டனுக்குப் பிறகு கிட்டத்தட்ட எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஆற்றைக் கடந்தால்

கோச்சடையிலிருந்து ஆற்றைக் கடந்து கோரிப்பாளையம் போனால் அரசு இராசாசி மருத்துவமனை. பழைய ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி இதோடு சேர்ந்தது. தோல் நோய்ப் பிரிவும் உண்டு, மகப்பேறுப் பிரிவும் உண்டு. பருவோடு மாதவிலக்கும் தவறுகிறது, முகத்தில் முடி வளர்கிறது, தலைமுடி உச்சியில் கொட்டுகிறது என்றால் இரண்டு பிரிவுக்குமே போக வேண்டிய விஷயம் அது. போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களையும் கையோடு எடுத்துப்போவது நல்லது. டாக்டருக்கு அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

சந்தனத்தையும் சங்கையும் யாரும் குறை சொல்லவேண்டியதில்லை. அவை முகத்துக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் எண்ணெய்ச் சுரப்பியை ஆட்டிவைக்கும் ஹார்மோன் வரை அவை போய்ச் சேராது. கல்யாணமும் போய்ச் சேராது. பரு போவதற்காக ஒரு பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிக்கச் சொல்லும் அடுத்த பெரியவரிடம், யாராவது இந்த 24 வாரக் கணக்கைச் சொன்னால் போதும்.