நெடுந்தீவு: நிலமும் காற்றும்

யாழ்ப்பாணத்தைச் சூழவுள்ள தீவுகளுள், மக்கள் நிலையாக வாழ்வனவற்றில் மிகத் தொலைவிலே கிடப்பது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவில் மலையுமில்லை, ஆறுமில்லை. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே தரை. அதன்மேல் மெல்லிய மண் படிந்துள்ளது. வளவுகளுக்கு வேலியாக அடுக்கப்பட்டிருப்பதும் அந்த முருகைக்கல்லே.

மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. சுண்ணக்கல்லினூடே கசிந்திறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவர்ப்படைந்துவிடும். கோடை வறட்சியும் நீர்த்தட்டுப்பாடும் கொண்ட கிரேக்கநாட்டு ஈஜியன் தீவுகளின் நிலைமையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. ஆங்கு ஆடி, ஆவணி மாதங்களில் வடகாற்று கலங்களைத் தடுத்து நிறுத்துகின்றது. ஈங்கு அதனைச் செய்வது சோளகக்காற்று.

பயிர்ச்செய்கைக்குப் போதாத மண் மேய்ச்சலுக்குப் போதுமானதாயிற்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைப் ‘பசுக்களின் தீவு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். 1658 இல் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். ஏனைய பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கில வரைபடங்களில் நிலைத்துவிட்டது. தீவினர் அதனைப் பொருட்படுத்தினரல்லர்.

குதிரைகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் இங்குக் கட்டாக்காலியாகத் திரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் மேற்பார்வையிற் குதிரை வளர்ப்பு நடைபெற்றது. இதனை ஆட்சியாளரின் திறமையாகக் கூறுவோர் நிலத்தின் பங்கினை மறந்துவிடுகின்றனர். புல்வெளியைச் சுற்றிலும் கடலே வேலியாக அமைந்த இடத்திற் பட்டி கட்டவேண்டிய செலவு இல்லையல்லவா? ஆயினும் நீர்நிலைகள் வற்றும் ஆண்டுகளில் அக்குதிரைகள் மடிவதும் உண்டு.

இக்கடலிற் குதிரை வாணிகம் ஐரோப்பியருக்கு முற்பட்டது. அயலிலுள்ள நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டொன்று உளது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கும், எஞ்சியது உடையவருக்கும் உரியதென அது விதிக்கின்றது. பிற பண்டங்கள் ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. கலம் உடைதலுக்கென ஓர் அரசன் விதி வகுக்கவேண்டியிருந்தது என்பதே அக்கடலின் இயல்பைப் புலப்படுத்தும்.

நெடுந்தீவினர்க்கு இக்கடலைக் கடப்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. உயர்கல்வி, பெருமருத்துவம், சந்தை யாவும் அக்கரையிலேயே உள்ளன. குறிகாட்டுவானுக்குச் செல்லும் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். சோளகம் வீறுகொண்டால் ஓடாது. 1985 மே 15 இல் குமுதினிப் படகிற் சென்ற இருபதுக்கு மேற்பட்டோர், பெண்களும் சிறுவரும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் தீவினர் அவ்வழியாகவே பயணஞ் செய்தனர். வேறு வழி இருக்கவில்லை.