ஜெரமி பிரவுனின் மார்க் ஷீட்

2007ல் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை என்னை சாக்ரமென்டோ ரிவர் கேட்ஸ் குழுவின் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். "இது மைனர் லீக் மாமா, நம்ம ரஞ்சி மாதிரி" என்றார். முழுக்கச் சரியில்லை. மைனர் லீக் என்பது நாற்றங்கால். அப்போது ரிவர் கேட்ஸ் ஆள் வளர்த்தது ஓக்லண்ட் ஏ'ஸ் என்ற பெரிய குழுவுக்கு.

அந்த ஆட்டத்தில் பாதி புரியவில்லை. ஊர் திரும்பி மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' படித்த பிறகுதான் கண் திறந்தது.

அமெரிக்காவில் புது ஆட்டக்காரர்களைக் குழுக்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 1965ல் ஆரம்பித்தது. ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கும் ஸ்கவுட்டுகளுக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் மேல்தான் மோகம். உயரம், ஓட்டம், வாட்டசாட்டமான உடம்பு! அப்படி 1980ல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர் பில்லி பீன். பெரிய லீக்கில் 148 ஆட்டம், சராசரி .219, ஹோம் ரன் மூன்றே மூன்று. அவரே பிற்பாடு ஓக்லண்டின் ஜெனரல் மேனேஜராகி, "கல்லூரிப் பையன்களின் ஏட்டைக் கொண்டு வா" என்கிற கட்சிக்குப் போனார். பில் ஜேம்ஸ் என்பவர் எண்பதுகளிலேயே சொன்னதுதான்.

2002ல் ஓக்லண்டுக்கு முதல் சுற்றில் ஏழு வாய்ப்பு. 35வது ஆளாக எடுத்தது அலபாமா பல்கலைக்கழகத்தின் கேட்சர் ஜெரமி பிரவுனை. ஆள் குண்டு. ஸ்கவுட்டுகள் முகம் சுளித்தார்கள். ஆனால் நாலு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அந்தப் பொறுமை பிரவுனிடம் ஏராளம்.

இங்கே என் கதை ஒன்று. நான் வேலை பார்த்த இடத்தில் பல வருடம் இன்டர்வியூ குழுவில் உட்கார்ந்தவன். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த ஒரு பையன், கசங்கிய சட்டை, திக்குவாய். 25க்கு 7 போட்டேன். வேலை கிடைக்கவில்லை. பெயர் மறந்துவிட்டது, அந்த 7 மறக்கவில்லை.

ஏட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பது வேறு விஷயம். கல்லூரியில் அலுமினிய மட்டை. தொழில்முறை ஆட்டத்தில் மரம். உள்பக்கம் வரும் பந்தைக் கைப்பிடியருகே வாங்கினாலும் அலுமினியம் தூக்கிவிடும், மரம் உடைந்துவிடும். வயதும் முக்கியம். 22 வயதுக்காரர் கீழ்மட்ட லீக்கில் 19 வயதுப் பிட்சர்களை விளாசினால் அது பெருமையில்லை. ஆல்புகெர்க்கி மாதிரி 5,000 அடி உயரத்து ஊரில் காற்று லேசு, பந்து தானாகவே பறக்கும். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மார்க். எத்தனை தடவை நடந்தார், எத்தனை தடவை ஸ்டிரைக் அவுட் ஆனார் என்பதைத்தான் விவரமானவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

அதே வருடம் ஓக்லண்ட் 16வதாக எடுத்த ஒஹையோ ஸ்டேட் பையன் நிக் ஸ்விஷர் 245 ஹோம் ரன் அடித்தார். பள்ளியிலிருந்து நேரே வந்த, பிரவுனைப் போலவே கனத்த பிரின்ஸ் ஃபீல்டரை மில்வாக்கி எடுத்தது, அவர் 319. பிரவுன்? 2006ல் பெரிய லீக்கில் 5 ஆட்டம், 10 அட்-பேட், 3 ஹிட். 2008ல் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

இதை மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். "அப்போ நீங்க 7 போட்டது சரிதானோ என்னவோ மாமா" என்று சிரித்தார்.

"பிரவுனை இறக்கியாவது பார்த்தார்களே மாப்பிள்ளை" என்றேன்.