சென்னைக் கடற்கரையில் மாணவர்களின் கடலாமைக் காப்புப் பணி

சென்னையில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையுள்ள கடற்கரையில், ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை இளைஞர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காக்கின்றனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற தன்னார்வக் குழு 1988 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. ஓர் ஊரின் இளைஞர்கள் தொடங்கும் சுற்றுச்சூழல் பணி எதனால் நிலைக்கிறது என்பதற்கு இக்குழுவின் வரலாறு நல்ல சான்று. கடலோரத்தார்க்கு மட்டுமன்றி, உள்நாட்டில் கண்மாயும் காடும் காக்க முனைவோர்க்கும் இது பயன்படும்.

பங்குனி ஆமை

இக்கரைக்கு மிகுதியாக வருவது பங்குனி ஆமை. பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து 100 முட்டைகளுக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளைக் காவல் காப்பதில்லை. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் தாமே பொரித்து வெளிவரும். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. மணல் சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து முதிர்கிறது என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஆகவே ஒரு குழி அழிவது பெரிய இழப்பு.

முன்னோடிகள்

1970களின் தொடக்கத்தில் ஆமை முட்டைகள் உணவுக்காகத் தோண்டி எடுக்கப்பட்டன. நாய்களும் நரிகளும் மீதியைத் தின்றன. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும், அப்போது இளைஞர்களாக இருந்த சதீஷ் பாஸ்கர் முதலியோரும் 1973–74இல் இரவு நடைகளைத் தொடங்கினர். எடுத்த முட்டைகளை வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காக்கும் பொரிப்பகமும் அப்போது ஏற்பட்டது. சதீஷ் பாஸ்கர் பின்னர் இந்தியக் கடற்கரைகளில் பெரும்பகுதியை ஆமைகளுக்காகவே ஆய்ந்தார். 1982இல் மழைக்காலம் முழுவதும் இலட்சத்தீவுகளில் ஆளில்லாத சுகேலித் தீவில் தனியே தங்கினார்.

பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், 1982 முதல் தமிழ்நாடு வனத்துறையும் சென்னைப் பகுதியில் பொரிப்பகங்களை நடத்தின. வனத்துறையின் பணி 1988 அளவில் நின்றபோது கரையில் காவல் இல்லாத நிலை உருவானது.

மாணவர்கள் ஏற்றது

அந்த இடைவெளியை நிரப்பவே 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் வலையமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் கடலாமை ஆய்வாளராக விளங்கி, இந்தியக் கடலாமைக் காப்பின் வரலாற்றை 2015இல் நூலாக எழுதினார்.

வேலை எளியது, ஆனால் கடுமையானது. நள்ளிரவில் புறப்பட்டு மணலில் ஆமைத் தடத்தைத் தேட வேண்டும். தடம் முடியும் இடத்தில் இளகிய மணலைக் கோலால் மெல்லக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டறிய வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். காலம் தாழ்ந்து முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். முட்டைகளின் எண்ணிக்கையும் பொரித்த குஞ்சுகளின் எண்ணிக்கையும் ஏட்டில் பதிவாகும்.

முட்டையை இடம் மாற்றாமல் இட்ட இடத்திலேயே காப்பதுதான் சிறந்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் நகரக் கரையில் அது அரிது. குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையில் நகரும் இயல்புடையவை. இயற்கையில் அந்த வெளிச்சம் கடற்பரப்பில் இருக்கும். சென்னையிலோ தெருவிளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். அதனால் இங்கே பொரிப்பகம் தவிர்க்க இயலாததாயிற்று.

மாணவர் அமைப்புக்கு இயல்பான ஒரு குறை உண்டு. மூன்று ஆண்டுகளில் மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போய்விடுவர். இக்குழு அதைத் தாண்டியதற்குக் காரணம், ஒவ்வொரு பருவத்திலும் பழையவர் புதியவரை உடன் அழைத்து நடந்து தொழிலைக் கற்றுக்கொடுத்ததே. பொதுமக்களும் சேர்ந்து நடக்க அனுமதிக்கப்பட்டதால், ஆமையைக் கண்ணால் கண்டவர்கள் பெருகினர்.

கரைக்கு அப்பால்

2025 சனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. வலையில் சிக்கி மூச்சுத் திணறியதே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி சரியாக நடைமுறைப்படவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

இந்நிகழ்வு தன்னார்வப் பணியின் எல்லையைக் காட்டியது. நூறு முட்டையைக் காத்தவர்களால் கடலில் ஒரு தாய் ஆமையைக் காக்க முடியாது. அதற்கு அரசின் கண்காணிப்பும் மீனவர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கரையில் நடந்து பதிவு வைத்தவர்கள் இருந்ததால்தான், அந்த ஆண்டின் சாவு வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மலையடிவாரத்துக்கு ஒரு பாடம்

மாணவர்கள் கடற்கரையில் இறங்கிய அதே 1988ஆம் ஆண்டில்தான், மேற்குத் தொடர்ச்சி மலையில் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள மம்சாபுரம் போன்ற அடிவார ஊர்களின் கண்மாய்களுக்கு அந்த மலையிலிருந்தே நீர் வருகிறது.

காட்டைக் காப்பது அரசின் சட்டம். ஊருக்குள் வரும் நீரைக் காப்பதில் ஊராருக்கும் பங்குண்டு. இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கண்மாயில் சீமைக்கருவேலத்தை வெட்டினால், அடுத்த மழையில் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வரத்துக்காலில் மறுபடியும் குப்பை சேரும். மழைக்கு முன் ஆண்டுதோறும் வரத்துக்காலைப் பார்ப்பதும், எந்த ஆண்டு எவ்வளவு நீர் நின்றது என்று குறித்து வைப்பதும், அந்த ஏட்டை அடுத்த தலைமுறையிடம் கொடுப்பதுமே பயன் தரும். சென்னை மாணவர்களின் பணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது இந்த வழியில்தான்.